கலியமூர்த்தி காலமானார்

வெள்ளோடையில் யாராவது இறந்துபோனால் வீட்டில் இருப்பவர்கள் முதலில் அழுவார்கள், பிறகு டிவியைப் போடுவார்கள். அழுகைக்கு நடுவே டிவி சத்தம் கேட்டதும் தெருவுக்கு விஷயம் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வருவார்கள், பந்தல் வரும், பிளாஸ்டிக் நாற்காலிகள் வரும், ஃப்ரீசர் பெட்டி வரும், தப்பு அடிக்கிறவர்கள் வந்து வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள், வெளியூர் உறவுக்காரர்கள் பேருந்திலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக "எப்ப எடுக்கிறாங்க?" என்று கேட்பார்கள், எல்லோருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "செய்தியில சொல்லட்டும்."

செய்தி என்றால் சாதிக் பாயின் கேபிளில் இரவு ஏழரைக்கு வரும் உள்ளூர்ச் செய்தி. கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்த சாதிக் பாய், தன் வீட்டு மாடியில் ஒரு பச்சைத் திரையைத் தொங்கவிட்டு, மாதா கோவில் தெரு ரோஸ்லினை அதன் முன்னால் உட்காரவைத்து அந்தச் செய்தியை ஆரம்பித்தார். நாளைக்கு எந்தத் தெருவில் கரண்ட் இருக்காது, எந்த வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள், யார் வீட்டுச் செவலைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது, யார் பிள்ளைக்குக் காது குத்து என்று ரோஸ்லின் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவாள், கடைசியில் இறந்தவரின் பெயரையும் தெருவையும் சொல்லி, ஒரு சின்ன இடைவெளி விட்டு, "காலம்... ஆனார்" என்பாள். அந்த இடைவெளி ரோஸ்லினின் மரியாதை என்று ஊர் நினைத்துக்கொண்டது. உண்மையில் அது இழுப்பு. வெள்ளோடையைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் வெட்டி சிமெண்ட் செய்கிறார்கள், அந்தத் தூசி எல்லோர் நெஞ்சிலும் கொஞ்சம் இருக்கிறது, ரோஸ்லின் நெஞ்சில் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

அந்தச் சொல்லின் கடைசியில் ஓர் 'ஆர்' இருக்கிறது, கவனித்தீர்களா? ஆலையில் வேலை செய்கிறவர்களைப் பெரும்பாலும் யாரும் 'வந்தார், போனார்' என்று சொல்வதில்லை. வந்தான், போனான், எங்கேடா ஒழிந்தான் என்பதுதான் வழக்கம். அப்படி வாழ்நாள் முழுக்க வந்தானாகவும் போனானாகவும் இருந்தவனுக்குக்கூட, ஊரே கேட்கும் ஏழரை மணிக்கு, ஒரே ஒரு தடவை அந்த 'ஆர்' கிடைத்தது. அதற்காகவே சில கிழவர்கள் சாவைப் பற்றி அவ்வளவாகப் பயப்படவில்லை.

ஆனால் அந்தச் சொல் சொல்லப்பட்ட பிறகுதான் இறந்தவர் உண்மையில் போகிறார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. தினமும் தண்ணீர் வரும் குழாயை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

பிறகு ஆலையை நடத்தும் கம்பெனி, சாதிக் பாயின் கேபிளை வாங்கியது. ஊரிலிருந்த கம்பங்களையெல்லாம் முதலில் வாங்கிக்கொண்டார்கள். "கம்பம் அவங்களுதுன்னா ஒயர நான் எங்க கட்டுறது, வானத்துலயா?" என்று சாதிக் பாய் கடைத்தெருவில் நின்று எல்லோரையும் கேட்டார். கடைசியில் கேபிளையும் கொடுத்துவிட்டு, மறுபடியும் கல்யாண வீடியோ எடுக்கப் போய்விட்டார்.

புதிய நிலையம் ஆலை வாசலுக்குப் பக்கத்தில், கண்ணாடியும் குளிருமாக வந்தது. செய்தி மேலாளராகப் பிரசன்னா என்பவர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது, யார் போனாலும் முதலில் தண்ணீர் கொடுப்பார். செய்தியை மட்டும் தூரத்து நகரத்திலிருந்த தலைமை அலுவலகம் எழுதி அனுப்பியது. கம்பெனிக்கு எந்தெந்த ஊரில் ஆலை இருந்ததோ அந்தந்த ஊருக்கெல்லாம் ஒரே செய்தி, ஒரே இசை, 'நல்லதே கேட்போம்' என்று ஒரே பெயர். முகத்துக்கு மட்டும் அந்தந்த ஊர் ஆள். ரோஸ்லினைப் பஞ்சு ஒட்டிய ஓர் அறையில் பல நாள் உட்காரவைத்து, எல்லா எழுத்தையும் எல்லா ஊர்ப் பெயரையும் படிக்கச் சொல்லிக் குரலைத் தனியாக எடுத்து இயந்திரத்தில் வைத்துக்கொண்டார்கள். அதன்பிறகு அவள், எதிரே கண்ணாடியில் ஓடும் எழுத்துக்கு ஏற்ப வாயை அசைத்தால் போதும், குரல் தானாக வந்தது. இழுப்பு இல்லாத குரல். "ரோஸ்லினுக்கு நெஞ்சு சரியாயிடுச்சு போல" என்று ஊர் சந்தோஷப்பட்டது.

அந்தச் செய்தியில் ஆலை உற்பத்தியில் சாதனை செய்தது, குழந்தைகள் மரக்கன்று நட்டார்கள், கம்பெனி முதலாளியின் மைத்துனர் கோவிலுக்கு வந்தார். கரண்ட் போவதைப் பற்றியும் பசு காணாமல் போவதைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை. இறந்தவர்களைப் பற்றி நிச்சயமாகச் சொல்லவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் கலியமூர்த்தி இறந்துபோனான். சிமெண்ட்டைச் சேர்த்துவைக்கும் சைலோ என்கிற ராட்சதக் குதிருக்குள் இறங்கி, சுவரில் இறுகியிருந்ததைக் கடப்பாறையால் பெயர்த்துக்கொண்டிருந்தான், பெயர்ந்தது ஒரு சுவரளவுக்குப் பெயர்ந்து அவன் நெஞ்சின்மேல் விழுந்தது. தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மனைவி செம்பாயி முதலில் அழுதாள், பிறகு டிவியைப் போட்டாள்.

ஏழரை மணிக்குச் சொல்லவில்லை. காலையில் அதே செய்தியை மறுபடி போடுவார்கள், அதிலும் சொல்லவில்லை. மறுநாள் இரவு முதலாளியின் மைத்துனர் ஒரு கன்றுக்குட்டிக்குப் புல் கொடுத்தார், அதோடு செய்தி முடிந்து இசை வந்தது, அந்த இசைக்கு நடுவே ஃப்ரீசர் பெட்டியை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

"செம்பா," என்றான் கலியமூர்த்தி. "குளிருது."

தம்பி முருகையன் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து அண்ணனைக் கைத்தாங்கலாக உட்காரவைத்தான். யாரும் அலறவில்லை. "அதான் இன்னும் சொல்லலையே, எப்படிப் போவான்?" என்று கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர் சொன்னார், அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. தப்புக்காரர்களின் தலைவர் ராயப்பன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்ப நாங்க கெளம்பலாமா, இல்ல இருக்கணுமா?" என்று கேட்டார்.

"இருந்துட்டுப் போங்கண்ணே, டீ போடுறாங்க" என்றான் கலியமூர்த்தி. அவனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். அவன் குடிக்கவில்லை, கை சூடாக இருக்கட்டும் என்று பிடித்துக்கொண்டிருந்தான்.

அவனோடு நிற்கவில்லை. தூசியால் நெஞ்சு அடைத்துப் போனவர்கள், குவாரியில் வெடி வைக்கும்போது கல் பட்டவர்கள், வயதாகிப் போனவர்கள் என்று அதன்பிறகு இறந்த யாருமே போகவில்லை. வீட்டுக்கு வீடு ஒரு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஊர் பழகிக்கொண்டது. டீக்கடையில் அவர்களுக்கென்று வெயில் படும் பக்கமாக ஒரு பெஞ்சு போட்டார்கள். பேருந்து நடத்துனர் கொஞ்ச நாள் தலையைச் சொறிந்தார், பிறகு, "உசுரு இருந்தா டிக்கெட்டு, இல்லாட்டி லக்கேஜு. நீங்க ரெண்டுலயும் சேரல, படியில நின்னுட்டு வாங்க" என்று ஒரு முடிவுக்கு வந்தார். செம்பாயி தலையில் பூ வைக்கலாமா கூடாதா என்று தெருப் பெண்கள் இரண்டாகப் பிரிந்து வாதாடினார்கள், வைக்கலாம், ஆனால் வாசனை இல்லாத பூவாக இருக்கவேண்டும் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து செம்பாயி கனகாம்பரம் வைத்துக்கொண்டாள்.

வெளியிலிருந்து பார்த்தால் இதில் ஒரு குறையும் இல்லை. இறந்தவன் கூடவே இருக்கிறானே, இதைவிட வேறென்ன வேண்டும் என்று சிலர் செம்பாயியிடம் கேட்கவும் செய்தார்கள். கலியமூர்த்தி பக்கத்தில் படுத்தவளுக்குத்தான் தெரியும். அவன் கண் மூடுவதில்லை. எத்தனை தடவை குளிப்பாட்டினாலும் தண்ணீர் வெள்ளையாகத்தான் ஓடியது.

"அந்தச் சுவரு இன்னும் நெஞ்சு மேலேயே கெடக்குது செம்பா," என்றான் அவன். "கடைசியா ஒரு மூச்சு உள்ள இழுத்தேன் பாரு, அது அப்படியே நிக்குது. விடணும். விட முடியல. அவங்க சொன்னாத்தான் விட முடியும்னு தோணுது."

"ரொம்ப வலிக்குதாங்க?"

"விழுந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. கொறையவே மாட்டேங்குது."

அவனை அனுப்பிவைக்க வேண்டும் என்பதைத் தவிர செம்பாயிக்கு அதன்பிறகு வேறு நினைப்பு இல்லை. முதலில் ஊர் தனக்குத் தெரிந்த வழியெல்லாம் செய்து பார்த்தது. பூசாரி அந்தச் சொல்லை அவன் காதில் சொன்னார். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டினார்கள். சாதிக் பாய் ஓர் ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, தெருத்தெருவாகப் போய், தொண்டை கட்டும்வரை சொல்லிப் பார்த்தார். ஒலிபெருக்கி தங்கள் தெருவுக்கு வந்தபோது கலியமூர்த்தி எழுந்து செருப்பைத் தேடினான், ஒரு செருப்பைக் காலில் மாட்டவும் மாட்டினான், ஆட்டோ அடுத்த தெருவுக்குத் திரும்பியதும் கழற்றிவைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துவிட்டான்.

செம்பாயி நிலையத்துக்குப் போனாள். பிரசன்னா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க வீட்டுக்காரர் இப்ப எங்கம்மா இருக்கார்?"

"வீட்லதான் சார். நாற்காலியில."

"பேசுறாரா?"

"பேசுறாரு."

"அப்ப இறந்துட்டார்னு நாங்க எப்படிம்மா சொல்றது? பொறுப்பான சேனல் இது. உறுதி செய்யாத செய்தியப் போட மாட்டோம்."

"நீங்க சொல்லாததாலதான் சார் அவரு போகல."

"அவர் போகாததாலதாம்மா நாங்க சொல்லல" என்றார் பிரசன்னா மிகவும் வருத்தத்தோடு, இன்னொரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தியபடி.

அங்கிருந்து அவள் நேரே மாதா கோவில் தெருவுக்குப் போனாள். ரோஸ்லின் வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், வீட்டில் அவள் பேசும்போது இழுப்பு அப்படியே இருந்தது.

"நீ படிக்கும்போது நடுவுல ஒரு வார்த்த சொல்லிடு ரோஸ்லினு. 'கலியமூர்த்தி காலமானார்.' அவ்வளவுதான். அப்புறம் உன்னத் திட்டினா நான் வந்து கால்ல விழுறேன்."

"சொல்லிடுவேன்க்கா. சொன்னா வெளிய வராது. என் கொரலு அவங்ககிட்ட இருக்கு. என்கிட்ட இப்ப இருக்கிறது வாய் மட்டும்தான்."

அந்த வருஷம் தேர்தல் வந்தது. கம்பெனி முதலாளியின் மைத்துனர் கோவிலுக்கு வந்ததும் கன்றுக்குட்டிக்குப் புல் கொடுத்ததும் எதற்காக என்று அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. அவர் நின்றார். ஜெயித்தால் கிழக்கு ஏரியைத் தோண்டி இரண்டாவது குவாரி, அதற்குப் பக்கத்தில் இரண்டாவது ஆலை. 'நல்லதே கேட்போம்' செய்தியில் அவர் தினமும் சிரித்தார், ஊரில் யாரும் திருப்பிச் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவருக்கு ஓட்டுப் போடாமல் இருப்பதற்கான காரணம் வீட்டுக்கு வீடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கண் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்த்து நின்றவர் வந்து, கலியமூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். அவர் கட்சிக்கும் ஒரு டிவி இருந்தது. அதில் கலியமூர்த்தியைப் பற்றிச் சொன்னதாகவும் கேள்வி, ஆனால் கம்பங்கள் கம்பெனியுடையவை என்பதால் அந்த டிவி வெள்ளோடையில் தெரியாது. வெள்ளோடையில் சொல்லாததை வேறு எங்கே சொன்னாலும் கலியமூர்த்தியின் மூச்சுக்கு எட்டவில்லை.

ஓட்டுப் போடுவதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் பிரசன்னா காரில் வந்து இறங்கினார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது.

"நாளைக்குச் சொல்றோம்மா. தலைமை அலுவலகத்துல ஒத்துக்கிட்டாங்க. நம்ம ஊர்ல யாரெல்லாம் இருக்காங்களோ அத்தன பேருக்கும் அஞ்சலி. பேர் பேரா வருது."

செம்பாயி கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்காமலே, "'காலமானார்'னுதான சார் சொல்வீங்க?" என்று கேட்டாள்.

"அதவிட மரியாதையான வார்த்தையாவே போடுவாங்கம்மா" என்றார் பிரசன்னா.

மறுநாள் ஊர் முழுக்கப் பாடை கட்டினார்கள். பேருந்து நிலையத்தில் கம்பெனி ஒரு பெரிய திரை வைத்தது, நாற்காலி போட்டது, குளிர்பானம் கொடுத்தது. நடக்க முடிந்த இறந்தவர்களைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் அங்கே போனார்கள். நெஞ்சில் சுவரோடு கலியமூர்த்தியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. "நான் அங்க போய்க் கேட்டுட்டு, சொன்ன ஒடனே ஓடியாந்துடுறேன் அண்ணி, தூக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு முருகையனும் போனான். வாசலில் ராயப்பனும் அவர் ஆட்களும் மட்டும் இருந்தார்கள்.

செம்பாயி கலியமூர்த்தியைக் குளிப்பாட்டி, அவன் கேட்ட நீலச் சட்டையைப் போட்டுவிட்டு, டிவிக்கு எதிரே உட்காரவைத்தாள்.

"பயமா இருக்காங்க?"

"இல்ல. மூச்ச விட்டுட்டாச் சரியாப் போயிடும்," என்றான். பிறகு, "ஊரே கேக்கும்ல, 'ஆனார்'னு? எங்க சூப்பர்வைசரு கேட்டா மொகம் எப்படிப் போவும்!" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பதற்கும் மூச்சு வேண்டியிருந்தது.

ஏழரை மணி இசை கேட்டதும் ராயப்பன், நேரமாகிவிட்டது என்று நினைத்து, தப்பை எடுத்து அடிக்க ஆரம்பித்துவிட்டார். வீடே அதிர்ந்தது. டிவியில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் செம்பாயிக்குக் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. அவள் வேலை செய்வது கிரஷரில். கல் நொறுங்கும் அந்த இடத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. ஓடும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்று கல்லிலிருந்து மண்ணாங்கட்டியைப் பொறுக்கிப் போடும் பெண்கள் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துத்தான் ஊர்க்கதை எல்லாம் பேசுவார்கள். அந்தப் பழக்கத்தில் செம்பாயி ரோஸ்லினின் வாயைப் பார்த்தாள்.

ரோஸ்லினின் வாய் கலியமூர்த்தியின் பெயரைச் சொன்னது. தெருவைச் சொன்னது. பிறகு ஓர் இடைவெளி விட்டது. குரலைக் கொடுத்த பிறகு அவள் விட்ட முதல் இடைவெளி அது. அப்புறம் வாய் திறந்து, நடுவில் ஒரு தடவை உதடு சேர்ந்து, மறுபடியும் திறந்தது. காலம். ஆனார்.

செம்பாயியின் கன்னத்தில் ஒரு மூச்சு பட்டது. நீளமான மூச்சு, சுண்ணாம்பு வாசனை அடித்தது, வெதுவெதுப்பாக இருந்தது, முடியும்போது கொஞ்சம் நடுங்கியது. அவள் திரும்பினாள். நாற்காலியில் யாரும் இல்லை, உடல்கூட இல்லை. நீலச் சட்டையும் இல்லை. தரையில் ஈரமான கால் தடம் இரண்டு இருந்தது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது.

ஏனென்றால் பேருந்து நிலையத்திலும் மற்ற வீடுகளிலும் கேட்ட குரல் 'காலமானார்' என்று சொல்லவில்லை. தலைமை அலுவலகம் எழுதி அனுப்பி, இழுப்பு இல்லாத குரல் இடைவெளி விடாமல் சொன்ன சொல் 'மறைந்தார்'. பெரிய மனிதர்களுக்குச் சொல்லும் சொல்தான். அதிலும் 'ஆர்' இருக்கிறது. 'மறைந்தார்' என்று சொல்ல முதலிலேயே உதடு சேரவேண்டும், ரோஸ்லினின் உதடு முதலில் சேரவில்லை, ஆனால் ஊரில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, அஞ்சலிக்காக எல்லோரையும் தலை குனியச் சொல்லியிருந்தார்கள். தலை நிமிர்ந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் மறைந்திருந்தார்கள்.

வாசலில் தப்பு நின்றது. ராயப்பன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, கோவிச்சுக்காத. யாருக்கு அடிக்கிறோம்?"

"கலியமூர்த்திக்குண்ணே."

"எந்தக் கலியமூர்த்தி?"

செம்பாயி சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் காட்டினாள். படத்தில் அவள் மட்டும் மாலையோடு நின்றுகொண்டிருந்தாள், தோளைக் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்த்து, அங்கே யாரும் இல்லாத திரைச்சீலையைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டு. ராயப்பன் படத்தைப் பார்த்தார், வாசலில் கட்டியிருந்த பாடையைப் பார்த்தார், ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் மனம் நோகக்கூடாது என்பதற்காக இன்னும் கொஞ்ச நேரம் மெதுவாக அடித்துவிட்டுப் போனார்.

கையில் குளிர்பானப் பாட்டிலோடு முருகையன் வந்தான். ஓடி வரவில்லை, நடந்து வந்தான். வாசலில் நின்று, தான் எதற்காக அங்கே வந்தோம் என்று யோசித்தான்.

"தனியா இருக்கீங்களே, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்க்கா" என்றான்.

அதுவரைக்கும் அவன் அவளை 'அண்ணி' என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. "அண்ணின்னு சொல்லு முருகையா" என்று செம்பாயி கெஞ்சினாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனே இல்லாத ஒருவன் எப்படி அண்ணி என்று சொல்வான்? பாட்டிலில் மிச்சமிருந்ததை அவளிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

ஓட்டுப் போடும் நாளில் வெள்ளோடை ஜனங்கள் நீளமாக வரிசையில் நின்றார்கள். உள்ளே போய்ப் பொத்தானுக்கு முன்னால் நின்றபோது ஒவ்வொருவருக்கும் விரல் கொஞ்சம் தயங்கியது. இந்த ஆளுக்குப் போடக்கூடாது என்பதற்கு ஏதோ ஒரு காரணம் இருந்ததே என்று எல்லோருக்கும் தோன்றியது, என்ன காரணம் என்றுதான் நினைவுக்கு வரவில்லை. வெளியே வரிசை காத்துக்கொண்டிருந்தது. தினமும் சிரித்த முகத்துக்கு நேரே இருந்த பொத்தானை அமுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து, யாருமே உட்காராத ஒரு நாற்காலி எதற்காக டிவிக்கு முன்னால் கிடக்கிறது என்று யோசித்து, அதை எடுத்து ஓரமாகப் போட்டார்கள். செம்பாயி வேறு பொத்தானை அமுக்கினாள். எண்ணும்போது அது எந்த மூலையில் கிடந்தது என்றுகூடத் தெரியவில்லை.

கடைசி நம்பிக்கையாக அவள் ரோஸ்லினிடம் போனாள்.

"நீ சொன்னத நான் பார்த்தேன் ரோஸ்லினு. ஊர்ல ஒருத்தரும் பாக்கல. நான் பார்த்தேன்."

"நான் என்னக்கா சொன்னேன்?"

ரோஸ்லினின் கண்ணில் பொய் இல்லை. நிலையத்தில் தன் தலைக்கு மேலே இருந்த பெட்டியிலிருந்து வந்த தன் குரலை அவளும் கேட்டிருக்கிறாள். செம்பாயி அவள் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, நெஞ்சப் பாத்துக்க" என்று சொல்லித் திரும்பினாள்.

ஆக, கலியமூர்த்தி என்று ஒருவன் இருந்ததும், சைலோவில் சுவர் விழுந்ததும், அவன் சிரிக்கப் பார்த்ததும் வெள்ளோடையில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும் என்று ஆகிவிட்டது. தெருவில் அதைச் சொன்னால் பாவம் என்றார்கள். கடையில் சொன்னால், மேலே இருந்த டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள். பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள் என்று ஊர் நினைத்தது.

கிழக்கு ஏரியில் முதல் வெடி வைத்த அன்று, கிரஷரில் கல் வழக்கத்தைவிட வேகமாக வந்தது. இரைச்சல் வானத்தையும் மண்ணையும் ஒன்றாக்கியது. டிவி கேட்காத இடம் வெள்ளோடையில் அது ஒன்றுதான். பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற செம்பாயி, எதிரே நின்றவளின் கவனத்தைக் கையசைத்துத் திருப்பி, உதட்டை மட்டும் அசைத்து, நிதானமாகச் சொன்னாள்.

கலியமூர்த்தி காலமானார்.

எதிரே நின்றவள் புருவத்தைச் சுருக்கினாள். பெல்ட்டு வழக்கப்படி, வந்த சேதியைத் தன் பக்கத்தில் நின்றவளுக்குச் சொன்னாள். அவள் அடுத்தவளுக்கு. சேதி வெள்ளைத் தூசிக்குள் உதட்டுக்கு உதடு கடைசிவரை போய், அங்கே திரும்பி, செம்பாயியின் வரிசை வழியாகவே மறுபடியும் அவளை நோக்கி வந்தது. கையில் மண்ணாங்கட்டியைப் பிடித்தபடி அவள் காத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவள் அவள் தோளைத் தட்டி, பல் தெரியச் சிரித்து, உதட்டை அசைத்துக் கேட்டாள்.

யாருக்குக் கல்யாணம்?

செம்பாயி மண்ணாங்கட்டியைக் கீழே போட்டாள். முகத்துத் தூசியை முந்தானையால் துடைத்து, உதடு நன்றாகத் தெரியும்படி வெளிச்சத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.